பதின்மூன்றாம் இலக்கச் சட்டை

கோட்டுப் பைக்குள் தோடம்பழ இனிப்புத் தேடிய சற்குணநாதனின் விரல்களில் இனிப்புக்குப் பதிலாக ஒரு காகிதம் அகப்பட்டது. நாலாக மடித்து, எப்போதோ நனைந்து, பிறகு காய்ந்து, அப்பளம்போல் மொரமொரத்துப்போன செம்மஞ்சள் காகிதம். வாகனம் நிறுத்திய சீட்டாக இருக்கும் என்று நினைத்தார். மேடையில் இருபதாம் சுற்றின் புள்ளிகளை வாசித்து முடித்துவிட்டு, அறிவிப்பாளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் எண்ணூறு பேர், அவர்களில் நூற்றைம்பது பேர் கழுத்தே இல்லாத ஆட்டக்காரர்கள். இந்த வருடம் தொலைக்காட்சிக்காரரின் வசதிக்காக விருது விழாவை ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டோடு வைத்திருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே சிட்னித் துறைமுகத்துத் தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. சற்குணநாதன் மேசைக்குக் கீழே மடியில் வைத்துக் காகிதத்தைப் பிரித்தார். பேனை மை கரைந்திருந்தாலும் எழுத்து வாசிக்கும்படியாகவே இருந்தது. சுற்று இருபத்துமூன்று. ஐம்பத்தெட்டாவது நிமிடம். பெலிக்கன்ஸ் அணி. இலக்கம் 13 காயப்பட்டு வெளியே, திரும்ப வரமாட்டார். இலக்கம் 16இன் தலையில் வெட்டு, சட்டையில் இரத்தம், மாற்றுச் சட்டை இல்லை, மிச்ச நேரம் 13ஆம் இலக்கச் சட்டையில் விளையாடுவார். அவ்வளவுதான். ஒரு தடவை வாசித்தபோது ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை வாசித்தபோது 'பதின்மூன்று' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. இல்லை, இது வேறு ஆட்டமாக இருக்கும் என்று மனம் ஓர் ஓட்டம் ஓடிப் பார்த்தது. எந்த வேறு ஆட்டம்? இந்தக் கோட்டை அவர் இந்த வருடம் போட்டது இரண்டே நாள். ஒன்று இன்று. மற்றது அன்று, ஓகஸ்ட் மாத மழையில், இருபத்துமூன்றாம் சுற்றில்.

ரக்பி லீக் என்றால் என்ன என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு அவர் கிளித்தட்டையும் மல்யுத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டு ஒரு பந்தைக் கொடுத்தால் அதுதான் என்று சொல்லுவார். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், அதற்கு மேற்பட்ட இலக்கங்கள் மாற்றாக இறங்குகிறவர்களுக்கு. இருபத்திரண்டு வருடமாக அவர் செய்த வேலை, மைதானத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, யார் எத்தனை தரம் ஓடினான், எத்தனை பேரைப் பிடித்து விழுத்தினான் என்று கோடு போடுவது. அந்த வேலையில் பெயர் எழுத நேரம் கிடையாது. இலக்கம்தான் ஆள். எட்டு ஓடினான், ஒன்பது போட்டான், பதினாறு பிடித்தான். பெயர் எழுதுகிறவன் அடுத்த பிடியைத் தவறவிடுவான் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டு வருடம் கோடு போட்ட பிறகு, இந்த வருடம்தான், அதுவும் வேறொருவர் இதயச் சத்திரசிகிச்சைக்குப் படுத்தபடியால், அவருக்கு ஒரே ஓர் ஆட்டத்துக்கு நடுவர் கதிரை கிடைத்தது. விசில் ஊதும் மத்தியஸ்தர் வேறு, இந்த நடுவர் வேறு. இவர் ஆட்டம் முடிந்ததும் அன்றைக்கு மிகச் சிறப்பாக விளையாடியவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, அதற்கடுத்தவனுக்கு ஒன்று போட்டு, உறையில் வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். போட்ட புள்ளியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது. வருட முடிவில் இப்படி ஒரு மண்டபத்தில் சுற்றுச் சுற்றாக உறை பிரித்து வாசிப்பார்கள், கூடிய புள்ளி எடுத்தவனுக்குப் பதக்கம். அந்த ஓர் ஆட்டத்துக்காக அவர் மகளின் பட்டமளிப்புக்கு எடுத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். வர்ணனையாளரின் குரல் காதில் விழுந்தால் தன் தீர்ப்புக் கெட்டுவிடும் என்று, மேசையில் இருந்த காதுக்கருவியைக் கழற்றி அப்பால் வைத்தார். அன்றைக்கு அதை எவ்வளவு பெருமையாகச் செய்தார். செம்மஞ்சள் மேலங்கி போட்ட மைதானத்துப் பெண் ஒருத்தி நனைந்துகொண்டு படியேறி வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். பந்து எல்லைக்கோட்டுக்குப் பத்து மீற்றரில் இருந்தது. கண்ணை எடுக்காமல் வாங்கிப் பைக்குள் வைத்தார். பிறகு பத்திரிகை பார்க்கவில்லை, தொலைக்காட்சியில் மறுபடி போட்டதையும் பார்க்கவில்லை, ஏனென்றால் போட்ட புள்ளியை நினைத்து மனம் தடுமாறக்கூடாதாம். இவ்வளவு சுத்தபத்தமாக ஒரு பிழையைச் செய்ய உலகத்தில் வேறு யாராலும் முடியாது.

"என்னப்பா, முகமெல்லாம் வேர்த்து ஊத்துது," என்றாள் பத்மலோஜினி. முப்பத்தைந்து வருடத்து மனைவி. ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவரைப் பற்றி எல்லாம் தெரியும். உப்புப் புளி இல்லாத ஆட்டிறைச்சிக்குக் கைப்பையிலிருந்து கட்டைச் சம்பல் போத்தலை எடுத்து, யாரும் பார்க்காமல் ஒரு கரண்டி அவரது தட்டின் ஓரத்தில் வைத்திருந்தாள். "ஒண்டுமில்லை," என்றார் அவர். "கோட்டைக் கழட்டுங்கோவன்." "வேண்டாம்." கோட்டைக் கழற்றினால் நெஞ்சு வெளியே வந்துவிடும்போல் இருந்தது. அன்றைய கடைசி இருபத்திரண்டு நிமிடம் அப்படியே கண்ணுக்குள் ஓடத் தொடங்கியது. மழை, சேறு, மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்த வானம், தலையில் வெள்ளைக் கட்டோடு ஒரு பதின்மூன்று. அது எங்கும் இருந்தது. இடப்பக்கம் பிடித்தது, எழும்பி ஓடி வலப்பக்கம் பிடித்தது, கடைசி நிமிடத்தில் எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் எதிரணிக்காரனைப் பந்தோடு தூக்கி வெளியே போட்டது. வெய்ன் கொட்டரல், வயது முப்பத்துநாலு, இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிற கிழவன், பதின்மூன்று பருவம் ஆடியும் பதக்கத்தைத் தொடாதவன். அவன் அப்படி ஓடுவதைப் பார்த்துச் சற்குணநாதனுக்குக் கண் கலங்கியது உண்மை. குறிப்புப் புத்தகத்தில் தமிழில் எழுதினார்: பதின்மூன்று, இந்த வயதில் இது எங்கேயிருந்து வருகிறது? இப்போது மறுமொழி கிடைத்துவிட்டது. அது இருபத்தொரு வயதிலிருந்து வந்திருக்கிறது. கொட்டரல் மைதான ஓரத்தில் கணுக்காலில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான், அவனுடைய சட்டைக்குள் ஓடியது பதினாறு, வுனிவை, எல்லாரும் வுனி என்று கூப்பிடுகிற பீஜித் தீவுப் பெடியன்.

இருபத்தோராம் சுற்று. வுனிக்கு மூன்று புள்ளி, பெரிய திரையில் அவனுடைய பெயர் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. பெலிக்கன்ஸ் மேசை சரியாக மூன்று மேசை தள்ளி இருந்தது. வுனிக்குப் பக்கத்தில், பெரிய பூப்போட்ட உடுப்பில், காதோரம் பூ வைத்து அவன் தாய். நேற்றுத்தான் தீவிலிருந்து வந்து இறங்கியவளாம், விழாத் தொடக்கத்தில் அறிவிப்பாளர் சொல்லி எல்லாரும் கைதட்டினார்கள். கொட்டரலும் அதே மேசையில்தான். அவனுக்கும் தாய் வழி ஏதோ தீவுதான், வுனியின் நிறம், வுனியின் உயரம், அதே அகலத் தோள். ஆனால் ஒரே ஆளா? பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஒரு குழந்தைகூட மாறிக் கூப்பிடாது. ஒருவனுக்குச் சப்பை மூக்கு, மற்றவனுக்கு உடைந்து வளைந்த மூக்கு. உன்னுடைய ஆட்கள் எல்லாரும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிகிறார்கள் என்று, முன்பு அவர் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையில், மேற்பார்வையாளன் சொன்னபோது கொதித்த ஆள் யார்? வீட்டுக்கு வந்து பத்மலோஜினிக்கு முன்னால் தட்டைத் தள்ளிவிட்டுச் சாப்பிடாமல் படுத்த ஆள் யார்? அந்த ஆள்தான் இந்தக் கோட்டுக்குள் இருக்கிறார். கன்னத்தில் அறை விழுந்ததுபோல் அது வந்தது, வந்து அப்படியே நின்றது. அவர் காகிதத்தை மேசைக்குக் கீழாக மனைவியிடம் கொடுத்தார். அவள் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "இது என்ன, எனக்கு விளங்கேல்லை." "நான் ஆள் மாறிப் புள்ளி போட்டிட்டன், லோஜி. அந்தத் தலைக்கட்டுக்காரனுக்குப் போடவேண்டியதை அவனுக்குப் பக்கத்தில இருக்கிறவனுக்குப் போட்டிட்டன்." அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். "இப்ப தலையில கட்டு இல்லையே." "அண்டைக்கு." "ஆருக்கும் தெரியுமே?" "ஒருத்தருக்கும் தெரியாது." அவள் காகிதத்தை மடித்து அவருடைய பைக்குள்ளேயே திருப்பி வைத்து, பையின் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். "அப்ப பேசாமல் இருங்கோ. இருபத்திரண்டு வரியம் கழிச்சு ஒரு கதிரை தந்திருக்கிறாங்கள். அதையும் நாங்களே போய்த் தலையில மண்ணள்ளிப் போடுறதே?"

அவள் சொன்னதில் பிழை பிடிக்க இடமில்லை, அதுதான் தொல்லை. நாளைக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் யார் நடுவர் என்று பெயர் வெளியிடுவார்கள். முதன்முதலாக ஒரு தமிழன் பெயர் என்று, அவர்கள் குடியிருக்கிற தூங்காபியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் சொல்லியாயிற்று, கோயில் மடப்பள்ளி வரைக்கும் செய்தி போயாயிற்று. இவர் எழும்பிப் போய்ப் பிழைவிட்டேன் என்றால், பிழைவிட்டது சற்குணநாதனாக இருக்காது, அவங்கள், அந்த ஆக்கள், என்றுதான் இருக்கும். ஒரு வெள்ளைக்காரன் பிழைவிட்டால் அவன் மட்டும் பிழைவிட்டவன். இல்லையா? இல்லை, அது சும்மா ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு, அவருக்கே தெரியும். விதிப் புத்தகத்தைக் குடியுரிமைச் சோதனைக்குப் படித்ததுபோல் வரி வரியாகப் படித்தவர் அவர். ஒன்பதாம் விதி: கடைசிச் சுற்றின் உறை திறக்கப்படும் முன், நடுவர் தன் பிழையைத் தானே வந்து, தன் கையால் எழுதித் திருத்தலாம். உறை திறந்தபின் ஆண்டவனாலும் முடியாது. அதாவது இருபத்தேழாம் சுற்றுவரை நேரம் இருக்கிறது. நேரம் இருப்பதுதான் பெரிய சிக்கல், நேரம் முடிந்துவிட்டிருந்தால் நிம்மதியாகக் கவலைப்படலாம். இருபத்திரண்டாம் சுற்று. கொட்டரலுக்கு இரண்டு. எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள், கிழவன் வெட்கப்பட்டுக் கையைக் காட்டினான். கொட்டரல் வேறு யாராவதாக இருந்திருக்கலாம். மைதானத்துக் கூடத்தில் எதிர்ப்படும்போதெல்லாம் நின்று, "வணக்கம், மிஸ்டர் நாதன்" என்று சொல்லுகிற ஒரே ஆட்டக்காரன் அவன். வணக்கம் என்ற சொல்லை எங்கேயோ கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தான். வுனி இவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வுனிக்கு இவர் யாரென்றே தெரியாது, இவருக்கு வுனி யார்? சராசரியாக முப்பத்தாறு பிடி, நூற்றுநாற்பது மீற்றர், தவறவிட்ட பிடி இரண்டு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அறிந்து வைத்திருக்கிற எல்லா மனிதர்களும் இப்படித்தான் என்பது அப்போதுதான் தைத்தது.

அந்த பிஸ்கட் தொழிற்சாலை ஏன் இன்றைக்கு விடாமல் வந்து நிற்கிறது. எண்பத்தொன்பதாம் ஆண்டு, சிட்னிக்கு வந்த மூன்றாம் மாதம், வேலைக்கு எடுத்த முதல் நாள் அவருடைய அளவுக்குச் சீருடை இல்லை என்று விட்டுப்போன ஒருவனுடைய சேர்ட்டைக் கொடுத்தார்கள். நெஞ்சில் நீல நூலால் டெரன் என்று தைத்திருந்தது. மேற்பார்வையாளன் டெரன் என்று கூப்பிட்டான், இவரும் திரும்பிப் பார்த்தார். முதல் கிழமை திருத்தலாம் என்று இருந்தார், இரண்டாம் கிழமை வெட்கமாக இருந்தது, மூன்றாம் கிழமை தேவையில்லை என்று ஆயிற்று. பதினெட்டு மாதம் அவர் டெரனாக இருந்தார். ஒரு வருடம் முழுக்க ஒரு நாளும் லீவு எடுக்காமல் அடுப்பு வாசலில் நின்றதற்கு வருட முடிவில் சிறந்த தொழிலாளி என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பொன் எழுத்தில் டெரன் மக்லி. மேடையில் நின்று வாங்கினார், கீழே இருந்தவர்களும் கைதட்டினார்கள், பிறகு வரிசையில் போய் நின்று அடுத்தவருக்கு அவரும் கைதட்டினார். அந்தச் சான்றிதழ் இன்னும் கராஜில், பழைய மெத்தைக்குப் பின்னால் கிடக்கிறது. எறிய மனம் வரவில்லை, சுவரில் மாட்டவும் மனம் வரவில்லை. பத்மலோஜினி கல்யாணம் முடித்து வந்த புதிதில் அதைத் தூசு தட்டி எடுத்து, "ஆரப்பா இந்த டெரன், உங்கட சிநேகிதனோ?" என்று கேட்டாள். ஓம் என்றார். இன்றுவரைக்கும் அவளுக்கு டெரன் ஒரு சிநேகிதன்தான். இதை நினைத்தபோது சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. தட்டின் ஓரத்தில் இருந்த சம்பலை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார், உறைத்தது மட்டும் தெரிந்தது.

"சுற்று இருபத்துமூன்று," என்றார் அறிவிப்பாளர். உறையைக் கிழிக்கிற சத்தம் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. சற்குணநாதனே எச்சில் தடவி ஒட்டிய உறை அது. மழையில் பசை பிடிக்காமல் இரண்டு தரம் நக்கி ஒட்டியது. முதலில் ஒரு புள்ளி, எதிரணியில் ஒருவனுக்கு. பிறகு இரண்டு புள்ளி, அதுவும் எதிரணிக்கு. அறிவிப்பாளர் ஒரு மூச்சு இடைவெளி விட்டார், அப்படி விடத்தான் அவருக்குச் சம்பளம். "மூன்று புள்ளி, பெலிக்கன்ஸ், வெய்ன் கொட்டரல்." மண்டபம் அதிர்ந்தது. திரையில் கொட்டரல் முதலிடத்துக்குத் தாவினான். சற்குணநாதன் கண்ணை மூடிக்கொண்டார், இனி முடிந்தது, ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு பெருமூச்சு வரப்போன சமயத்தில் பத்மலோஜினி அவருடைய முழங்கையைத் தொட்டாள். "அந்த மேசையில ஏனப்பா ஒருத்தரும் கைதட்டேல்லை?" கண்ணைத் திறந்தார். எண்ணூறு பேர் கைதட்டிக்கொண்டிருந்த மண்டபத்தின் நடுவில் ஒரு மேசை மட்டும் கல்லாக இருந்தது. பயிற்சியாளர் கையில் தூக்கிய கோப்பையைத் திரும்பக் கீழே வைத்தார். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மேசைவிரிப்பைப் பார்த்தார்கள். கொட்டரலின் முகம் மாவு பூசியதுபோல் ஆகியிருந்தது, வாய் அரைவாசி திறந்தபடி, தன் பெயர் நிற்கிற திரையை வேறு யாருடைய பெயரையோ பார்ப்பதுபோல் பார்த்தான். சற்குணநாதனுக்கு அப்போதுதான் உச்சியில் ஏறியது. ஒருவருக்கும் தெரியாதா? அந்த மேசையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அந்தச் சேற்றில் அவனோடு நின்றவர்கள் அவர்கள். சட்டையைக் கழற்றிக் கொடுத்தவனுக்குத் தெரியும், வாங்கிப் போட்டவனுக்குத் தெரியும், தலையில் கட்டுப் போட்டவருக்குத் தெரியும். மைதானம் முழுவதிலும் தெரியாமல் இருந்த ஒரே ஓர் ஆள், பார்ப்பதற்கென்று கதிரை போட்டு இருத்திய ஆள். அவர் அதிலிருந்து மீளுமுன்பே அந்த மேசையில் ஒரு கைதட்டல் தொடங்கியது. வுனிதான். பெரிய உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்துப் பலமாக, வாயெல்லாம் பல்லாக, தட்டினான். தட்டிவிட்டுக் கொட்டரலின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். பிறகுதான் மற்றவர்களும் தட்டினார்கள். விஷயம் தெரியாத தாயும் சேர்ந்து தட்டினாள்.

இருபத்துநாலு, இருபத்தைந்து, இருபத்தாறு. யாரோ யாரோ பெயர்கள். சற்குணநாதன் கேட்டார், ஆனால் ஒன்றும் உள்ளே போகவில்லை. அந்தக் கைதட்டல்தான் திரும்பத் திரும்ப வந்தது. பெடியனுக்கு அது தன்னுடைய மூன்று புள்ளி என்று தெரியும், தெரிந்துகொண்டு தட்டுகிறான். ஏன் தட்டினான்? நல்ல மனமா? இருக்கலாம். ஆனால் சற்குணநாதனுக்கு அந்தத் தட்டுத் தெரியும், அவரே தட்டியிருக்கிறார், பிஸ்கட் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில், நெஞ்சில் வேறொருவன் பெயரோடு. அது நல்ல மனம் இல்லை, கேட்டால் சண்டைக்காரன் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். வந்த இடத்தில் சிரித்துக்கொண்டு இருக்கவேண்டும் என்று எலும்புக்குள் ஏற்றி வைத்திருக்கிற பயம். அல்லது இதுவும் அவர் தன் தலையிலிருந்து எடுத்து அவன் தலையில் வைக்கிற கதையாக இருக்கலாம். அவனுக்கு அவர் இன்னொரு தரம் சட்டை மாற்றுகிறாரோ என்னவோ. இருபத்தாறாம் சுற்று முடிய, திரையில் கொட்டரல் முப்பத்தொன்று, வுனிவை இருபத்தொன்பது, மூன்றாம் ஆள் எங்கேயோ இருபத்துமூன்றில். கடைசிச் சுற்றில் பெலிக்கன்ஸ் அணிக்கு ஆட்டமே இல்லை, ஓய்வு வாரம். ஆகவே முடிந்தது. எல்லாரும் கூட்டிப் பார்த்துவிட்டார்கள், கொட்டரல் மேசையைச் சுற்றிப் படமெடுக்கிறவர்கள் குவிந்தார்கள். மூன்றை இங்கே கழித்து அங்கே கூட்டினால் இருபத்தெட்டும் முப்பத்திரண்டும். அவருடைய தலை அந்தக் கணக்கைக் கேட்காமலே போட்டுக் காட்டியது. "விளம்பர இடைவேளை, மூன்று நிமிடத்தில் கடைசிச் சுற்று," என்றது ஒலிபெருக்கி. சற்குணநாதன் அசையவில்லை. இந்தக் கிழவனின் கையில் வந்த பதக்கத்தையா? வணக்கம் சொல்லுகிறவனிடமிருந்தா? பத்மலோஜினி அவருடைய கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்து நேராக்கினாள். "என்ன செய்யிறாய்?" "நீங்கள் போகத்தான் போறியள். காலைப் பாருங்கோ, மேசை ஆடுது. போறதெண்டால் ரை கோணலாய்ப் போகாதேங்கோ." "லோஜி, அவங்கள் பிறகு கூப்பிட மாட்டாங்கள்." "தெரியும்," என்றாள் அவள். "எழும்புங்கோ."

மேடையின் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட வாக்கு அதிகாரி, வயதான ஒரு பெண், பெட்டிக்கு முன்னால் இருந்தார். சற்குணநாதன் தான் யார் என்று சொன்னார், எந்தச் சுற்று என்று சொன்னார், காகிதத்தைக் காட்டினார். அந்தப் பெண் காகிதத்தை வாசித்தார், அவருடைய முகத்தை ஒரு தரம் வாசித்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஏன் இவ்வளவு நாளும் என்று கேட்கவில்லை. ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "உங்கள் கையால். மூன்று புள்ளி பெறவேண்டியவருடைய பெயர்." சற்குணநாதன் பேனையை எடுத்து, யோசிக்காமல், 16 என்று எழுதினார். அதிகாரி அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டு இன்னொன்றை வைத்தார். "இலக்கம் செல்லாது. முழுப் பெயர்." வுனிவை என்று எழுதினார். "முதல் பெயர்?" பேனை நின்றது. திரையில் பார்த்தார், அங்கே ஜெ. வுனிவை என்றுதான் இருந்தது. ஜெ என்றால் ஜெரமையாவா, ஜோசேப்பா, ஜோனா? வர்ணனையாளர்கள் வுனி என்பார்கள், பத்திரிகை வுனி என்னும். "நீங்கள் சொல்லக்கூடாதா?" என்றார். "நடுவருக்கு நான் பெயர் எடுத்துக் கொடுக்கக்கூடாது. விதி." அதே ஒன்பதாம் விதிதான், கீழ்ப்பகுதி. கைத்தொலைபேசியை வாசலிலேயே உறையில் போட்டு வாங்கிவிட்டார்கள். இன்னும் எழுபது வினாடி என்று யாரோ சொன்னார்கள். ஒரு மனிதன் எத்தனை பேரைப் பிடித்தான், எத்தனை மீற்றர் ஓடினான், எந்தக் காலால் முதல் அடி எடுத்து வைப்பான் என்பதெல்லாம் தெரிந்த அவருக்கு அவன் பெயர் தெரியவில்லை. அதுவரை பட்ட அதிர்ச்சியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று ஆயிற்று. படிவத்தை எடுத்துக்கொண்டு மேசைகளுக்கு இடையால் நடந்தார்.

பெலிக்கன்ஸ் மேசையில் கொட்டரல்தான் முதலில் கண்டான். வணக்கம் சொல்ல வாயெடுத்தவன் இவருடைய கையில் இருந்த படிவத்தைக் கண்டான், அதற்கு மேலே இருந்த செம்மஞ்சள் காகிதத்தைக் கண்டான். சொல்லவில்லை. காயப்பட்ட கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தன் கதிரையை இழுத்து, அவருக்கு வழி விட்டான். அவருடைய முகத்தைப் பார்க்காமல் தாடையை இறுக்கிக்கொண்டான், அதை அவர் சாகும்வரை மறக்கப்போவதில்லை. வுனி நிமிர்ந்து பார்த்தான். கையில் பேனையும் காகிதமுமாக ஒரு வயதான மனிதர், இவனுக்கு இது நாளாந்தம் நடப்பது. பெரிதாகச் சிரித்துக்கொண்டு பேனையை வாங்கினான், மேலே இருந்த செம்மஞ்சள் காகிதத்தையும் உருவி எடுத்து, வெறுமையான பின்பக்கத்தைத் திருப்பினான். "யாருக்கு என்று போட?" "உங்களுக்குத்தான்," என்றார் சற்குணநாதன். பகிடி என்று நினைத்து அவன் சிரித்தான். பகிடி விளங்காமலே தாயும் சிரித்தாள். அவன் ஆறுதலாக, அழகாக, ஒவ்வோர் எழுத்தும் தெரிய எழுதினான், ஜோப்பே வுனிவை. பிறகு, கையெழுத்துக் கேட்கிறவர்களுக்கு எல்லா ஆட்டக்காரரும் செய்வதுபோல, அதற்குக் கீழே இலக்கத்தைப் போட்டு ஒரு வட்டமும் போட்டான், 16.

சற்குணநாதன் அந்த மேசை ஓரத்திலேயே குனிந்து, அவனுடைய தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து, படிவத்தில் அந்தப் பெயரைப் பார்த்து எழுதினார். ஜோப்பே. அவரே ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். இலக்கத்தை எழுதவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவனின் கண் படிவத்தின் தலைப்பு வரிக்குப் போனது, அங்கிருந்து இருபத்துமூன்றுக்கு, அங்கிருந்து கொட்டரலின் குனிந்த தலைக்கு. சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. தாய் அவர்களுடைய மொழியில் என்னவோ கேட்டாள். அவன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டான். மேடையில் கையுயர்த்தி ஒருவன் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினான், பத்து, ஒன்பது. அறிவிப்பாளர் கடைசி உறையைக் கையில் எடுத்துவிட்டார். சற்குணநாதன் ஓடினார். அறுபத்துமூன்று வயது, தேய்ந்த முழங்கால், பட்டமளிப்புக் கோட்டு, காற்றில் பறக்கிற ரை, கதிரைக் காலில் தடக்கி, யாருடைய தோளிலோ கையூன்றி, ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்காமல் ஓடினார். நூற்றைம்பது ஆட்டக்காரர் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி எழும்பி நின்று கையை நீட்டியிருந்தார், மேடைக்காரனின் விரல் இரண்டில் இருக்கும்போது படிவம் அந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்தது.